பிராணவாயுவுக்கும் அளவு உண்டு

2021 ஏப்ரல் இறுதியில், கரோனா இரண்டாம் அலை வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது, அப்போதைய முதல்வர் எடப்பாடி கே.பழனிசாமி பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து 80 கிலோ லிட்டர் திரவ ஆக்ஸிஜனை ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பிவிடும் முடிவை ரத்துசெய்ய வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. தமிழ்நாட்டுக்கு அன்று ஒதுக்கப்பட்டிருந்தது நாளொன்றுக்கு 220 டன். பயன்பாடோ 310 டன்னை எட்டியிருந்தது. கார், கைபேசி, கண்ணாடி உற்பத்திக்காக அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம், முதல் முறையாக ஆக்ஸிஜனுக்காகத் தலைப்புச் செய்தியானது.

அந்த நாள்களில் நாடு முழுவதும் ஒலித்தது ஒரே கேள்விதான்: ஆக்ஸிஜன் எங்கிருந்து வரும்? அதற்கு இணையான இன்னொரு கேள்வி பொதுவெளியில் அதிகம் எழவில்லை. படுக்கையில் இருக்கும் ஒரு நோயாளிக்கு உண்மையில் எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை? முதல் கேள்விக்கு ஆலைகளும் டேங்கர் லாரிகளும் ரயில்களும் விடை தந்தன. இரண்டாவது கேள்விக்கான விடையை, தீவிர சிகிச்சையில் இருப்பவர்களிடமும் இதய நோயாளிகளிடமும் முறையாக நடத்தப்படும் மருத்துவ ஆய்வுகள் மட்டுமே தர முடியும். அந்த ஆய்வுகள் இதுவரை என்ன சொல்லியிருக்கின்றன, அவற்றை நாம் ஏன் இங்கேயே நடத்த வேண்டும் என்பது மருத்துவர்களுக்கு மட்டுமான விவாதம் அல்ல.

ஆலை முதல் படுக்கை வரை

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21% ஆக்ஸிஜன். ஆலையில் காற்றை அழுத்தி, ஈரப்பதத்தையும் கரியமில வாயுவையும் நீக்கி, கடுங்குளிரில் திரவமாக்குகிறார்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸிலும், ஆர்கான் மைனஸ் 186 டிகிரியிலும், ஆக்ஸிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் கொதிக்கின்றன. இந்தச் சிறிய வேறுபாட்டைக் கொண்டே மூன்றும் பிரித்தெடுக்கப்படுகின்றன. கண்ணாடி ஆலைக்கு நைட்ரஜன், வெல்டிங் பணிக்கு ஆர்கான், உலோகத்தை வெட்டவும் மருத்துவமனைக்கும் ஆக்ஸிஜன் என எல்லாம் ஒரே காற்றிலிருந்து கிடைப்பவை. தொழிற்சாலைகள் திரண்டிருக்கும் இடங்களில் ஆக்ஸிஜன் உற்பத்தியும் அமைவதன் காரணம் இதுதான். 2021 ஏப்ரல் 25 அன்று, திரவ ஆக்ஸிஜனை மருத்துவம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என மத்திய அரசு உத்தரவிட்டது. தொழிற்சாலையும் மருத்துவமனையும் ஒரே தொட்டியை நம்பியிருக்கின்றன என்பது அன்று வெளிப்படையாகத் தெரிந்தது.

ஒரு சிறு கணக்கு இதன் முக்கியத்துவத்தை உணர்த்தும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒருவருக்கு ஆக்ஸிஜன் கொடுத்தால், ஒரு நாளில் 14,400 லிட்டர் வாயு செலவாகும். எடையில் அது ஏறத்தாழ 19 கிலோ. அந்தக் கணக்கில் ஒரு டன் ஆக்ஸிஜன், 52 பேருக்கு ஒரு நாள் போதும். நிமிடத்துக்கு 6 லிட்டரே போதுமானது என்றால், அதே ஒரு டன் 87 பேருக்கு உதவும். முதல்வரின் கடிதம் குறிப்பிட்ட 80 கிலோ லிட்டர் திரவத்தின் எடை சுமார் 91 டன். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று கொண்டால், சுமார் 4,700 பேரின் ஒரு நாள் தேவை. ஆகவே, அளவு என்பது மருத்துவ நுணுக்கம் மட்டுமல்ல. பற்றாக்குறைக் காலத்தில், யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதைத் தீர்மானிக்கும் எண் அது.

கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

ஆக்ஸிஜன் உயிர் காக்கும் என்பதால், கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையை முதலில் உடைத்தவை குறைமாதக் குழந்தைகளின் கண்கள். 1940-களில், மேலை நாடுகளின் இன்குபேட்டர்களில் தாராளமாக ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் பார்வையிழந்தார்கள். காரணம் ஆக்ஸிஜனாக இருக்கலாம் என்று 1951-இல் மெல்பர்ன் மருத்துவர் கேட் கேம்ப்பெல் சுட்டிக்காட்டினார். 1953–54-இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு அதை உறுதிசெய்தது. உடனே உலகம் மறுகோடிக்குச் சென்றது. ஆக்ஸிஜன் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, பார்வையிழப்பு குறைந்து இறப்பு கூடியது.

இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று அறிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பல நாடுகளில் நடந்த ஐந்து ஆய்வுகளிலிருந்து, ஏறத்தாழ 5,000 குறைமாதக் குழந்தைகளின் தரவுகள் ஒன்றுசேர்க்கப்பட்டு 2018-இல் முடிவுகள் வெளியாகின. ரத்தத்தின் ஆக்ஸிஜன் செறிவை 85–89% எல்லைக்குள் வைத்த பிரிவில் 19.9% குழந்தைகளும், 91–95% எல்லைக்குள் வைத்த பிரிவில் 17.1% குழந்தைகளும் இறந்திருந்தார்கள். விழித்திரைப் பாதிப்போ குறைந்த அளவு பெற்ற பிரிவில் குறைவாக இருந்தது. சில விழுக்காடு வித்தியாசம். ஆனால் ஒரு பக்கம் உயிர், மறு பக்கம் பார்வை.

இது நமக்குத் தொலைதூரக் கதை அல்ல. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் பிறந்த ஒரு குறைமாதப் பெண் குழந்தை, விழித்திரைப் பாதிப்பு உரிய காலத்தில் பரிசோதிக்கப்படாததால் பார்வையிழந்தது. அந்த வழக்கில் 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பரிசோதனை தவறியதே அங்கு குற்றமாகக் கருதப்பட்டது. எனினும், ஆக்ஸிஜன் கவனத்துடன் கையாளப்பட வேண்டிய மருந்து என்பதை அந்த வழக்கு தமிழ்நாட்டுக்கு உரக்கச் சொன்னது.

இதயத்துக்கு எவ்வளவு?

மாரடைப்பு என்று வருபவரின் மூக்கில் உடனே ஆக்ஸிஜன் குழாயைப் பொருத்துவது நெடுங்கால மரபு. இதயத் தசைக்கு ஆக்ஸிஜன் கிடைக்காததால்தான் மாரடைப்பு. ஆகவே ஆக்ஸிஜன் கொடுப்பது நல்லது என்ற தர்க்கம் எளிமையானது. ஆனால், ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏற்கெனவே போதிய ஆக்ஸிஜனைச் சுமந்திருந்தால், கூடுதலாகக் கொடுப்பதில் மிகச் சிறிதளவே ரத்தத்தில் கரையும். மிகையான ஆக்ஸிஜன் இதயத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்கவும் கூடும்.

2015-இல் ஆஸ்திரேலியாவில் 441 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையாதவர்களுக்கும் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொடுத்தபோது இதயத் தசையின் சேதம் அதிகமாக இருப்பதற்கான அறிகுறிகள் தென்பட்டன. அதன் பின் ஸ்வீடனில் 6,629 பேரிடம் பெரிய ஆய்வு நடந்தது. ரத்தத்தில் 90% அல்லது அதற்கு மேல் ஆக்ஸிஜன் செறிவு இருந்தவர்களே இதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு ஆக்ஸிஜன். மீதிப் பேருக்குச் சாதாரண அறைக்காற்று. 2017-இல் வெளியான முடிவு: ஓராண்டுக்குள் ஆக்ஸிஜன் பெற்றவர்களில் 5.0% பேரும், பெறாதவர்களில் 5.1% பேரும் இறந்திருந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பழக்கம், செறிவு குறையாத நோயாளிகளுக்கு எந்தப் பயனும் தரவில்லை.

திறந்த இதய அறுவை சிகிச்சையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அங்கே சில மணி நேரம் இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை ஒரு இயந்திரம் ஏற்கிறது. ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் சேர வேண்டும் என்பதை மருத்துவக் குழுவே தீர்மானிக்கிறது. பாதுகாப்புக்காக இயல்பைவிடப் பல மடங்கு அதிகமாக வைப்பது பல இடங்களில் வழக்கம். அந்த மிகையைத் தவிர்த்தால் அறுவைக்குப் பிந்தைய சிறுநீரகப் பாதிப்பு குறையுமா என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்கள் 298 பேரிடம் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். குறையவில்லை. முதியவர்களின் மனக்குழப்பம் குறையுமா என்று பாஸ்டனில் 100 பேரிடம் நடந்த ஆய்விலும் வேறுபாடு தெரியவில்லை. கருதுகோள் எவ்வளவு அழகாக இருந்தாலும், நோயாளியிடம் சோதிக்காமல் அதை நம்பக் கூடாது என்பதே இங்கு கிடைக்கும் பாடம்.

முரண்பட்ட சான்றுகள்

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கிடைத்த சான்றுகள் ஊசலாடின. இத்தாலியின் மொடெனா நகரில் ஒரே ஒரு பிரிவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், அளவோடு ஆக்ஸிஜன் பெற்றவர்களில் 11.6% பேரும், வழக்கமான முறையில் பெற்றவர்களில் 20.2% பேரும் இறந்தார்கள். உலகமே கவனித்தது. ஆனால் அந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. சேர்ந்தவர்களும் 500-க்குக் குறைவு. 2020-இல் பிரான்ஸ் ஆய்வு நேர் எதிரான எச்சரிக்கையைத் தந்தது. கடும் நுரையீரல் பாதிப்பு கொண்டவர்களில், குறைந்த ஆக்ஸிஜன் பெற்ற பிரிவில் 90 நாள்களில் 44.4% பேரும், தாராளமாகப் பெற்ற பிரிவில் 30.4% பேரும் இறந்திருந்தார்கள். 205 பேரோடு அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது.

சிறிய ஆய்வுகள் இப்படித்தான் இரு பக்கமும் இழுக்கும். பெரிய ஆய்வுகளே நிலைமையைத் தெளிவுபடுத்தின. 2021-இல் ஐரோப்பாவில் 2,928 பேரிடம் நடந்த ஆய்வில் இரு பிரிவுகளின் இறப்பு விகிதமும் ஏறத்தாழ சமம். 2025-இல் பிரிட்டனின் 97 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வென்டிலேட்டரில் இருந்த 16,500 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு வெளியானது. செறிவை 90% அளவில் நிறுத்திய பிரிவில் 35.4% பேரும், வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 34.9% பேரும் 90 நாள்களில் இறந்திருந்தார்கள். வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதல்ல. ஆனால், முதல் பிரிவுக்குச் செலவான கூடுதல் ஆக்ஸிஜன் 29% குறைவு.

இந்த எண்ணை 2021-ஐ நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். இறப்பு கூடாமலேயே ஆக்ஸிஜனில் கால் பங்குக்கு மேல் மிச்சப்படுத்த முடியும் என்றால், இன்னொரு பெருந்தொற்றில் அது ஆயிரக்கணக்கானோரின் மூச்சு. அப்படியென்றால் 90% என்ற இலக்கை நாமும் ஏற்றுக்கொள்ளலாமா? அவசரப்பட முடியாது.

தோலின் நிறமும் ஒரு காரணி

படுக்கையருகே ஆக்ஸிஜன் செறிவை அளப்பது, விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970-களில் உருவாக்கிய நுட்பம் இது. ஒளியைத் தோல் வழியே செலுத்தி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்கிடும். தோலின் கருமையும் ஒளியை உறிஞ்சும் என்பதுதான் சிக்கல். கருவி 92–96% என்று காட்டியபோது, ரத்தப் பரிசோதனையில் உண்மையான செறிவு 88%-க்கும் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 2020 டிசம்பரில் வெளியான முடிவின்படி, வெள்ளையர்களிடம் இது 3.6%, கறுப்பினத்தவர்களிடம் 11.7%. ஏறத்தாழ மூன்று மடங்கு.

பிரிட்டன் ஆய்வின் 90% என்ற இலக்கும் இதே கருவியைக் கொண்டு அளக்கப்பட்டதுதான். வெளிர்நிறத் தோல் கொண்டோர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் 90% பாதுகாப்பானதாக இருக்கலாம். தமிழ்நாட்டின் ஒரு கட்டிடத் தொழிலாளியின் விரலில் கருவி 90% என்று காட்டும்போது, அவருடைய உண்மையான செறிவு அதைவிடக் குறைவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். குறைமாதக் குழந்தைகளிடம் சில விழுக்காட்டு வித்தியாசமே உயிர்களைப் பறித்ததை மேலே பார்த்தோம்.

தோல் மட்டுமல்ல. நம்மிடையே ரத்தசோகை பரவலாக இருக்கிறது; ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே குறைவாக இருந்தால், செறிவு சரியாக இருந்தும் திசுக்களுக்குப் போதாமல் போகலாம். காசநோயால் தழும்பேறிய நுரையீரல்களும், நோய் முற்றிய பிறகே மருத்துவமனையை அடையும் வழக்கமும் இங்கு அதிகம். கரோனா காலத்தில் நம் அரசு வழிகாட்டுதல்கள் 92–96% என்ற இலக்கை முன்வைத்தன. எச்சரிக்கையான, நியாயமான இலக்கு அது. ஆனால் அது நம் நோயாளிகளிடம் சோதித்துக் கண்டறியப்பட்ட எண் அல்ல. நமக்கான எண் 90-ஆ, 92-ஆ, 94-ஆ என்பதை வெளிநாட்டு ஆய்வுகளிலிருந்து இரவல் வாங்க முடியாது.

நம்மால் முடியும்

இத்தகைய ஆய்வுகள் பணக்கார நாடுகளுக்கே சாத்தியம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. 2012–13-இல் தமிழ்நாட்டில் மாரடைப்புச் சிகிச்சை குறித்து நடந்த ஆய்வு ஒரு முன்னுதாரணம். சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய சிகிச்சை மையங்களோடும் ஆம்புலன்ஸ் சேவையோடும் நான்கு தொகுப்புகளாக இணைத்து, 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மருத்துவமனையில் நிகழ்ந்த இறப்பு மாறவில்லை; ஆனால் ஓராண்டு இறப்பு 17.6%-இலிருந்து 14.2%-ஆகக் குறைந்தது. திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால் அதற்கு வரம்புகள் உண்டு. எனினும், அரசும் தனியாரும் சேர்ந்து நம் நோயாளிகளிடமிருந்தே நமக்கான சான்றைத் திரட்ட முடியும் என்று அது காட்டியது.

இன்னொரு உதாரணம், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2020-இல் 39 மருத்துவமனைகளில் 464 கரோனா நோயாளிகளிடம் நடத்திய பிளாஸ்மா சிகிச்சை ஆய்வு. நாடெங்கும் பிளாஸ்மா கேட்டு உறவினர்கள் அலைந்த காலம் அது. நோய் தீவிரமாவதையோ இறப்பையோ பிளாஸ்மா குறைக்கவில்லை என்று ஆய்வு நிறுவியது. 2021 மே மாதம் அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. பயனில்லை என்று நிரூபிக்கும் ஆய்வும் மக்களின் பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

கையெழுத்திடுவது யார்?

ஆய்வு வேண்டும் என்று சொல்லும்போதே, யாரை வைத்து ஆய்வு என்ற கேள்வியும் எழ வேண்டும். வென்டிலேட்டரில் மயங்கிக் கிடப்பவர் ஒப்புதல் தர முடியாது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், அத்தகையோருக்காகச் சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி ஒப்புதல் தர வழிசெய்கின்றன. அவசர நிலையில், நெறிமுறைக் குழுவின் முன் அனுமதியோடு, நோயாளியிடமோ உறவினரிடமோ பின்னர் ஒப்புதல் பெறும் முறையை இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன.

இந்த விதிகள் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் கடும் சோதனைக்கு உள்ளாகும். ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட், அசாம் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இங்கு வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டின் தொலைதூர மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட விடுதி மட்டுமே 18,720 பேர் தங்கக்கூடியது. இவர்களில் ஒருவர் நினைவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டால், உடன் வருபவர் பெரும்பாலும் சக தொழிலாளி, விடுதிக் காப்பாளர் அல்லது ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர். பெற்றோர் இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருப்பார்கள்; அவர்கள் பேசும் மொழி மருத்துவருக்குத் தெரியாது.

விபத்துக்கும் இழப்பீட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டிய நிறுவனத்தின் ஊழியர், அதே நோயாளியின் சார்பில் ஆய்வு ஒப்புதலில் கையெழுத்திடுவது முறையாகாது. அதற்காக, புலம்பெயர் தொழிலாளர்களை ஆய்விலிருந்தே விலக்கிவைப்பதும் நீதியல்ல. ஆய்வில் இடம்பெறாதவர்களுக்குப் பொருந்தும் சிகிச்சை எது என்று யாருக்கும் தெரியாமல் போகும். தொலைபேசி, காணொலி வழியாக உறவினரிடம் அவருடைய மொழியில் விளக்கி ஒப்புதல் பெறுவது, மருத்துவமனையும் நிறுவனமும் சாராத ஒரு சாட்சி உடனிருப்பது, நோயாளி நினைவு திரும்பியதும் அவரிடமே மீண்டும் கேட்பது, விலக விரும்பினால் சிகிச்சை எவ்விதத்திலும் பாதிக்கப்படாது என்று உறுதியளிப்பது ஆகியவை கட்டாயமாக வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஆக்ஸிஜன் அளவு குறித்த ஆய்வுக்குப் புதிய மருந்து தேவையில்லை. விலையுயர்ந்த இயந்திரமும் தேவையில்லை. எல்லாத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஏற்கெனவே கொடுக்கப்படும் ஒன்றை, எந்த இலக்கோடு கொடுப்பது என்று முறையாகச் சோதித்தால் போதும். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் கைகோத்தால், சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் தரவுகளைத் திரட்டலாம். லாபம் ஈட்டித் தராத ஆய்வு என்பதால் மருந்து நிறுவனங்கள் இதற்குச் செலவிடப் போவதில்லை. பொதுப் பணம்தான் வர வேண்டும். ஆய்வு முன்கூட்டியே பொதுவெளியில் பதிவுசெய்யப்பட வேண்டும். முடிவு எதுவானாலும் வெளியிடப்பட வேண்டும்.

ஒரகடத்தில் மருத்துவ உபகரணங்களுக்கென அமைக்கப்படும் சிப்காட் பூங்காவுக்கும் இதில் பங்கு உண்டு. அங்கு உருவாகும் ஒவ்வொரு ஆக்ஸிமீட்டரும், தமிழ்நாட்டு மக்களின் பல்வேறு தோல் நிறங்களில், ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட வேண்டும். இதை விற்பனைக்கான நிபந்தனையாகவே அரசு விதிக்கலாம்.

2021-க்குப் பிறகு ஆக்ஸிஜன் உற்பத்தியையும் சேமிப்பையும் பெருக்கியிருக்கிறோம். அது முழுப் பாதுகாப்பு அல்ல. அடுத்த நெருக்கடியிலும் டேங்கர்கள் தாமதமாகும். மாநிலங்களுக்கிடையே பங்கீட்டுச் சிக்கல் எழும். அப்போது ஒரு மருத்துவர், ஆக்ஸிஜன் குழாயின் திருகைக் கொஞ்சம் குறைத்து, அடுத்த படுக்கையில் இருப்பவருக்கும் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவு ஊகத்தின் பேரில் அமையக் கூடாது. நெருக்கடி இல்லாத இந்த ஆண்டுகளில்தான் அதற்கான விடையைத் தேடிவைக்க முடியும்.